பின்சக்கரத்தில் நெய் வாசம்

காரின் பின்சக்கரம் கிறீச்சிட ஆரம்பித்துப் பல நாள் கழித்துத்தான் அப்பா வாயைத் திறந்தார். அதுவரை பின்சீட்டில் உட்கார்ந்தபடி, நான் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அவரும் காலைத் தரையில் அழுத்திக்கொண்டு வந்தார். வலது காலில் பாதிப் பாதம் இல்லை. சர்க்கரை வியாதி கொண்டுபோய்விட்டது. இருக்கிற இடது காலால் மிதிப்பார். கண்ணாடியில் அவர் முழங்கால் அசைவது எனக்குத் தெரியும். உன்னை நம்பி நான் உட்காரவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

"தம்பிகிட்ட சொல்லும்மா. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கட்டும்" என்றார்.

தம்பி என்றால் என் தம்பி. அப்பாவும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். பிரிக்பீல்ட்ஸில், தெருச் சத்தம் எட்டாத உயரத்தில் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் குடும்பத்தோடு இருக்கிறான். ஏர்கோன் அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கிற உத்தியோகம். நல்லவன்தான். குடிப்பதில்லை, யாரிடமும் சண்டைக்குப் போவதில்லை, தீபாவளிக்கு எல்லோருக்கும் துணி எடுத்துக்கொண்டு வருவான். ஆனால் காரைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான். அதுவும் அவனுடைய காரில்.

நாங்கள் இருப்பது கிள்ளானில், ஒரு தாமான் குடியிருப்பில் வரிசை வீடு. அப்பா கேரி தீவில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிச் சம்பாதித்துக் கட்டிய வீடு. அம்மா இறந்த பிறகு அவர் தனியாக இருந்தார். என் கல்யாணம் முறிந்த பிறகு நான் திரும்பி வந்தேன். ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததைப் பெருந்தன்மை என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, கேட்டால் பதில் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

எனக்கு சுங்கை வேயில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. லைன் லீடர். மதிய ஷிப்ட். அதனால் செவ்வாய், வியாழன், சனி காலைகளில் அப்பாவை டயாலிசிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பாகிவிட்டது. அப்பா டயாலிசிஸ் என்று சொல்லமாட்டார். ரத்தம் கழுவப் போறேன் என்பார்.

நான் வருவதற்கு முன்னால் நிலையத்தின் வேனில்தான் போய்வந்தார். அந்த வேன் ஊரெல்லாம் சுற்றி ஒவ்வொரு நோயாளியாக ஏற்றிக்கொண்டு போகும். திரும்பும்போதும் அப்படியே. ரத்தம் கழுவி முடித்த உடம்போடு ஒவ்வொரு தாமானாகக் குலுங்கி வந்து, வீட்டு வாசலில் இறங்கியதும் சாக்கடை ஓரத்தில் வாந்தி எடுப்பார். நான் வந்த முதல் வாரம் அதைப் பார்த்தேன். மறுநாளே வேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, பூட்டிக்கிடந்த அவருடைய காரை எடுத்தேன். அதற்குப் பிறகு அவர் வாந்தி எடுத்ததில்லை. நன்றி சொல்லவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காலைத் தரையில் அழுத்தாமல் வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

தம்பி அந்த ஞாயிறு வரவில்லை. கொண்டோ குடியிருப்பாளர்கள் கூட்டமாம். அடுத்த ஞாயிறு மகளுக்குப் பியானோ வகுப்பு. "வரேன் லா க்கா, இந்த வீக் கொஞ்சம் பிஸி" என்று ஒவ்வொரு முறையும் சொன்னான். அதற்குள் கிறீச் சத்தம் மாறி, இரும்பும் இரும்பும் உரசுகிற கரகரப்பு வந்துவிட்டது. இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று நானே பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன்.

அங்கே இருந்த ஃபோர்மன், மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம், சக்கரத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அண்ணன் தம்பி யாராவது? யாரும் வரவில்லை என்றதும், மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்ற வந்து என் பக்கத்தில் நின்றிருந்த முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் திரும்பி, இந்தக் காருக்குச் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் பேட், பேட்டைத் தாங்கும் காலிப்பர் எல்லாமே மாற்றவேண்டியிருக்கும் என்று விளக்க ஆரம்பித்தார். அந்த ஆளும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். என் காருக்கு அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு முடிவு எடுப்பதற்குள் நான் சாவியைப் போட்டு வண்டியைத் திருப்பிவிட்டேன்.

அன்றைக்கு இரவு நான் வேலை முடிந்து வந்ததும் அப்பா தன் முடிவைச் சொன்னார். தம்பி வந்து காரைப் பார்க்கிறவரைக்கும் அவர் அதில் ஏறப்போவதில்லை. வரும் செவ்வாயிலிருந்து வேனில் போவார். நிலையத்துக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டார்.

வேன் என்றதும் எனக்கு அந்தச் சாக்கடை ஓரம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் அது மட்டும் என்று சொன்னால் பொய். அந்தக் கார்தான் அந்த வீட்டில் நான் இருப்பதற்கு ஒரு காரணமாக இருந்தது. சமையல் செய்வது, துணி துவைப்பது எல்லாம் பெண்ணாகப் பிறந்தவள் செய்கிற காரியம், அதற்குக் கணக்கில்லை. ஆனால் வாரத்தில் மூன்று காலை, கிள்ளான் நெரிசலில் அவருடைய உயிர் என் கையில் இருந்தது. அதை அவர் வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். நான் ஓட்டுகிற காரில் ஏறி உட்கார்ந்தால் போதும். அதையும் தம்பியின் பெயரைச் சொல்லிப் பிடுங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

இதில் வீராப்பு ஒன்றும் இல்லை. ஒரு ஸ்குருவை எவ்வளவு இறுக்கவேண்டும், எந்த வரிசையில் இறுக்கவேண்டும் என்பதற்குத்தான் தொழிற்சாலையில் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வேலை முடிந்து வந்து இரவுச் சாப்பாட்டோடு வீடியோக்களைப் பார்த்தேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப் பார்த்தேன். எல்லோரும் தவறாமல் சொன்ன ஒரு விஷயம், பின்பிரேக் முன்பிரேக் மாதிரி இல்லை என்பது. புதுப் பேட் உள்ளே போக இடம் வேண்டுமென்றால் பேட்டை அழுத்துகிற பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். முன்னால் இருப்பதைச் சும்மா அமுக்கினால் போய்விடும். எங்கள் காரில் பின்னால் இருப்பது கைபிரேக்கோடும் சேர்ந்தது. அதைத் திருகித் திருகித்தான் உள்ளே அனுப்பவேண்டும். அமுக்கினால் உள்ளே உடைந்துவிடும். அதற்கென்று இருக்கிற திருகு சாதனத்தையும் பேட்டையும் ஸ்பேர் பார்ட் கடையில் வாங்கிவந்தேன். கடை முதலாளி தவுக்கே கார் மாடலைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்காரரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு அதுவே பெரிய மரியாதையாக இருந்தது.

காலை வெயில் ஏறுவதற்குள் போர்ச்சில் வேலையை ஆரம்பித்தேன். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். கைபிரேக்கை இறக்கினேன். நட்டுகளைத் தளர்த்திவிட்டு ஜாக் வைத்துத் தூக்கினேன். ஜாக்கை நம்பாமல் கீழே ஸ்டாண்டும் கொடுத்தேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு, கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் தூக்கிவைத்து உட்கார்ந்துகொண்டார்.

அவர் எதிலும் கைவைக்கவில்லை. வாய் மட்டும் ஓயவில்லை. செங்கல் சரியில்லை, லோரிக்கென்றால் மரக்கட்டைதான் வைப்போம் என்றார். ஸ்பேனரை அப்படிப் பிடித்தால் கை வழுக்கும் என்றார். எதிர்வீட்டு ஆன்டி குப்பை போட வந்தபோது, மகன் அடுத்த வாரம் வந்துவிடுவான், அதற்குள் இது சும்மா கழற்றிப் பார்க்கிறது என்று அவராகவே விளக்கம் கொடுத்தார். அது என்கிறது நான். கையில் பத்து மில்லிமீட்டர் ஸ்பேனரோடு சக்கரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த நாற்பத்தாறு வயது நான்.

வலது பக்கம் சுலபமாக முடிந்தது. காலிப்பரைக் கழற்றி, அதன் ஹோஸ் இழுபடாமல் ராஃபியா கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். பழைய பேட்டை எடுத்தேன். பிஸ்டனைத் திருகி உள்ளே அனுப்பினேன். டிஸ்கைக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டுப் புதியதை வைத்து மூடினேன். எதுவும் தகராறு பண்ணவில்லை. சக்கரத்தை மாட்டி நட்டுகளை எதிரெதிராக இறுக்கியபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது காட்ட ஆசைப்பட்டுத் திரும்பினேன். அப்பா தமிழ்ப் பேப்பரில் மரண அறிவித்தல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது பக்கம்தான் சத்தத்துக்குக் காரணம். உள்பக்கத்துப் பேட்டில் மருந்துக்குக்கூட ஒன்றும் மிச்சமில்லை, வெறும் இரும்புத் தகடு. அதை எடுத்துக்கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். ஆபத்தைச் சரியான நேரத்தில் கண்டுபிடித்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். விரலால் தடவினார்.

"ஒன் ஓட்டு அப்படி. எப்பப் பாரு பிரேக்குலயே காலு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

நான் திரும்பி வந்து வேலையைப் பார்த்தேன். பிஸ்டனைத் திருகினேன். டிஸ்கைத் துடைத்தேன், வலது பக்கத்தைவிட நன்றாகவே துடைத்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. பேட்டை வைத்து, காலிப்பரை மாட்டி, போல்ட்டுகளை இறுக்கி முடித்தேன். சக்கரத்தை மட்டும்தான் மாட்டவேண்டும். அந்த நேரத்தில் தம்பி போன் செய்தான்.

நான் காரைப் பிரித்துப் போட்டிருக்கிறேன் என்று அப்பா காலையிலேயே அவனுக்குத் தகவல் கொடுத்திருக்கிறார். அவன் அதற்குள் எங்கேயோ படித்து வைத்திருந்தான். ஜி கிளாம்ப் போட்டு பிஸ்டனை அமுக்கினால் போய்விடும், ஈசி என்றான். பின்னால் இருப்பதை அமுக்கக்கூடாது, திருகவேண்டும் என்று சொன்னேன். அவன் அந்தப் பேச்சை விட்டுவிட்டான். பிறகு மெதுவாக, பொறுப்பானவன் பேசுகிற குரலில் சொன்னான்.

"அப்பா உயிரு க்கா. விளையாடாத."

அப்பா முன்னால் அவர் மகனைத் திட்டவேண்டாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்த ஒரு நாகரிகத்தை நான் காட்டாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி முடிந்திருக்கும். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எத்தனையோ செவ்வாய்க்கிழமைகளாக மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டினேன். அப்பா வாந்தி எடுக்கும்போது நீ எந்த மீட்டிங்கில் இருந்தாய் என்று கேட்டேன். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் எப்போதும் எதிர்த்துப் பேசமாட்டான். அதனால்தான் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும்.

திரும்பி வந்தபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. அப்பா அதே நாற்காலியில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவசரமாகச் சக்கரத்தைத் தூக்கி மாட்டினேன், வண்டியை இறக்கினேன். பெடல் கெட்டியாகிற வரைக்கும் மிதித்துப் பார்த்தேன். ஜாக், செங்கல் எல்லாம் எடுத்து வைப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மழை விட்ட பிறகு அவரிடம் போய், முடிந்துவிட்டது, ஒரு சுற்று வாருங்கள் என்றேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்தார். உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பின்கதவைத் திறக்கப்போனேன். கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டு முன்பக்கம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வண்டி ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அவர் முன்சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பெல்ட் போடுங்கள் என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன்.

தாமானுக்குள் நாலைந்து முறை நிறுத்தி நிறுத்திப் போனேன். பிடித்தது. அவர் கால் அசையவில்லை. பிறகு அவரே, பாலத்துக்கு விடு என்றார். ரயில் பாதைக்கு மேலே ஏறுகிற பாலம். பிரேக் வேலை முடிந்தால் லோரியை ஏற்றத்தில் நிறுத்தி, கைபிரேக்கை இழுத்துவிட்டு, காலை எடுத்துப் பார்ப்பார்களாம். நின்றால் வேலை சரி. அந்தச் சோதனையைத்தான் எனக்கும் வைத்தார். ஏற்றத்தின் நடுவில் ஓரமாக நிறுத்தினேன். கைபிரேக்கை இழுத்தேன். காலை எடுத்தேன்.

வண்டி ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் போக ஆரம்பித்தது.

உடனே மிதித்து நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஹார்ன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனார். கைபிரேக்கை இன்னும் இழுத்துப் பார்த்தேன். திரும்பவும் நழுவியது. அப்பா முகத்தைத் திருப்பாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்மா. வீட்டுக்கு விடு."

கேட்டைப் பூட்டிவிட்டு நான் உள்ளே வருவதற்குள் அவர் தம்பிக்குப் போன் போட்டுவிட்டார். அக்கா போட்ட பிரேக் பிடிக்கவில்லை, கார் பின்னால் போகிறது, நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கே தப்பு என்று போர்ச்சில் காரின் பக்கத்தில் போய்க் குந்தினேன். ஒவ்வொரு படியையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எதையும் விடவில்லை. அப்போதுதான் அந்த வாசம் வந்தது. சூடான இரும்பின் வாசம் இல்லை, ரப்பர் கருகுகிற வாசமும் இல்லை. நெய். கோயிலில் ஹோமம் முடியும் நேரத்தில் வருகிற கருகிய நெய் வாசம், என் காரின் இடது பின்சக்கரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

சக்கரத்தைத் திரும்பக் கழற்றினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். டிஸ்கின் வெளிப்பக்கம் நான் துடைத்தது போலவே இருந்தது. உள்பக்கத்தில் சுற்றிலும் பழுப்பாக ஒரு வளையம். காலிப்பரைக் கழற்றிப் பேட்டை எடுத்தால், புதுப் பேட்டின் முகம் கறுத்து எண்ணெய் குடித்திருந்தது. விரலில் தொட்டு மோந்து பார்க்கவேண்டிய அவசியம்கூட இல்லை. என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அது ரட்சை. ஹோமம் முடிந்ததும் கரியையும் நெய்யையும் குழைத்துக் கோயிலில் கொடுப்பார்களே, அந்தக் கறுப்பு மை. அப்பா அதை ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் சாமி மேடையில் வைத்திருப்பார். ரத்தம் கழுவப் போகிற நாளெல்லாம் நெற்றியில் ஒரு பொட்டு இட்டுக்கொள்வார். லோரி ஓட்டிய காலத்தில் அமாவாசைக்கு அமாவாசை சக்கரங்களுக்கும் வைப்பாராம், அதுவும் வெளியே தெரியாமல் உள்பக்கமாக. கண்ணேறு கழிக்கிற மை கண்ணில் படக்கூடாது என்பது அவர் வழக்கம். லோரி பிரேக் ஒரு இரும்புக் குடத்துக்குள் இருப்பது. உரசுவதெல்லாம் அதன் உள்ளே. வெளியே நீங்கள் மை வைக்கலாம், சந்தனம் பூசலாம், அதற்கு ஒன்றும் ஆகாது. எங்கள் காரில் பேட் பிடிப்பது அந்த டிஸ்கின் முகத்தையேதான். அங்கே நெய் பட்டால் பிடிக்க ஒன்றும் இருக்காது, வலது பக்கம் ஒன்று மட்டும் ஏற்றத்தில் வண்டியைத் தாங்காது. இந்த வித்தியாசம் அவருக்குத் தெரியாது. நான் சமையலறையில் அவர் மகனிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், காலை இழுத்துக்கொண்டு எழுந்து போய், பக்தியோடு கட்டைவிரலால் தடவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்ததா என்றால், முதலில் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது சொல்ல, சந்தோஷம்தான் வந்தது. நான் செய்த வேலைக்கு அப்பா சாமி மை வைத்திருக்கிறார். அந்த வலிக்கிற காலோடு எழுந்து போயிருக்கிறார். ஒரு வாழ்த்து மாதிரிதானே அது என்று நினைத்தேன். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு பேட்டைக் கையில் எடுத்துப் போய் அவர் முன்னால் நின்றேன். தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

மை வைத்தீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார், மறைக்கவில்லை. இந்த வண்டியில் அந்த இடத்தில் வைக்கக்கூடாது, அதனால்தான் பாலத்தில் நழுவியது, என் வேலையில் தப்பில்லை என்று பொறுமையாகவே சொன்னேன். மோந்து பார்க்கச் சொல்லிப் பேட்டைக் கையில் கொடுத்தேன். மோந்து பார்த்தார். அவருக்குப் புரிந்தது. முப்பது வருஷம் வண்டி ஓட்டியவருக்கு அது புரியாமல் இருக்குமா? புரிந்தது என்பதை அவர் முகத்தில் நான் பார்த்தேன். பேட்டை முக்காலி மேல் வைத்தார்.

"ஃபோர்மன் செஞ்சிருந்தா நான் ஏம்மா மை வைக்கப் போறேன்?" என்றார்.

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை, என்னைப் புண்படுத்தவேண்டும் என்றும் சொல்லவில்லை. நியாயத்தை எடுத்துச் சொல்வது போலத்தான் சொன்னார். தப்பு அவருடையதுதான், ஆனால் அந்தத் தப்பைச் செய்யவேண்டிய நிலைமைக்கு அவரைக் கொண்டுபோனது என் கை. ஒருமுறை தம்பி தட்டுத்தடுமாறி இந்தக் காருக்குப் பேட்டரி மாற்றினான், அன்றைக்கு அவர் எந்த மையும் வைக்கவில்லை. ஏறி உட்கார்ந்து, ஹைவே வரைக்கும் ஒரு சுற்று விடு தம்பி என்றவர் இவர். அதைக் கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பது தெரிந்ததால் கேட்கவில்லை.

தம்பியிடம் சொன்னேன். அவன் சிரித்தான். ரொம்ப நேரம் சிரித்தான். அப்பா பாவம் லா, வயசாகிவிட்டது, விடு என்றான். பிறகு, எதற்கும் ஒரு ஃபோர்மனிடம் காட்டிவிடு என்றான்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் அதே கடையில் இன்னொரு செட் பேட் வாங்கினேன். ஒரே செட்டை இரண்டாம் முறை ஏன் வாங்குகிறாய் என்று தவுக்கே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரிடமாவது சொல்லியிருப்பேன். செவ்வாய் விடிவதற்குள் முடித்துவிடவேண்டும் என்று அன்றைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, டிஸ்கைத் தேய்த்துக் கழுவி, கிளீனர் அடித்து, திரும்பவும் கழுவி, இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டேன். இந்த முறை நாற்காலியில் யாரும் இல்லை. அவர் உள்ளே படுத்திருந்தார்.

தனியாகப் பாலத்துக்குப் போனேன். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, இரண்டு காலையும் எடுத்துச் சீட்டின் மேல் மடக்கி உட்கார்ந்துகொண்டேன். வண்டி அசையவில்லை. பக்கத்தில் லோரிகள் போகும்போது பாலமே அதிர்ந்தது, என் கார் அப்படியே நின்றது. யாராவது வந்து தட்டிக் கேட்கிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது. யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம், பாலத்தில் நிற்கிறது, வந்து பாருங்கள் என்றேன். நல்லது என்றார். நாளைக்கு வேனுக்குச் சொல்லிவிட்டேனே, சொன்ன சொல் மாறினால் நன்றாக இருக்காது என்றார்.

அந்த ‘நாளைக்கு’ இன்னும் முடியவில்லை. மாதங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் வேன்தான். திரும்பி வரும்போது முகம் சாம்பலாக இருக்கிறது, வாந்தியும் திரும்ப ஆரம்பித்துவிட்டது. நான் வாளியில் தண்ணீர் கொண்டுபோய்ச் சாக்கடை ஓரத்தைக் கழுவிவிடுகிறேன். தம்பி மாதத்துக்கு ஒருமுறை வருகிறபோது அப்பா அதே காரில், முன்சீட்டில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டுக் கடைக்குப் போய்வருகிறார். அவன் மிதிக்கிறது நான் போட்ட பிரேக். நன்றாகப் பிடிக்கிறது க்கா என்று அவனே சொன்னான். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, தம்பி கை பட்டதும் சரியாகிவிட்டது என்றார்.

அந்த முதல் செவ்வாய்க்கிழமை மட்டும் எனக்கு மறக்கமாட்டேன் என்கிறது. வேன் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. நிற்கும்போதே அதன் சக்கரம் கிறீச்சிட்டது, எங்கள் கார் கத்திய அதே கிறீச். எனக்குக் கேட்டது. லோரி ஓட்டிய அப்பாவுக்கும் கேட்காமல் இருந்திருக்காது. ஓட்டுநர் புது ஆள். நாங்கள் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, பாஸ், ஏறுங்க பாஸ் என்று உள்ளிருந்தே கூப்பிட்டான். அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஏற்றிவிட்டேன். நெற்றியில் மைப்பொட்டு இருந்தது. சட்டைப் பையில் டப்பா இருந்தது, ஏற்றும்போது என் கையில் இடித்தது. பெயர் தெரியாத அந்த ஓட்டுநர் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். டப்பாவை அவர் திறக்கவேயில்லை.